ஒப்புதல் படிவத்தில் ஒரு பிழை

செக்காலை ரோட்டுக் கடையில் தட்டச்சுக்குக் கொடுத்த படிவம்,
இருநூறு நகல் எடுத்த பிறகுதான் பார்த்தேன்:
“தங்கள் இதய வாழ்வு சுருங்கும் வேகத்தை அறியும் ஆய்வு.”
வால்வு என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன்.
திருத்தி எடுக்கக் காசில்லை;
உதவித்தொகை வந்து ஐந்து மாதமாகிறது.

இரத்தம் தந்த நூற்றுப் பன்னிரண்டு பேரில்
படித்துவிட்டுக் கையெழுத்திட்டவர் ஒருவர்தான்.
அடைக்கலம். தேவகோட்டை வழித்தடத்தில்
முப்பத்தோரு வருஷம் கண்டக்டர்.
“சரியாத்தான போட்டிருக்கு” என்றார்
சட்டைக்கையை மடித்து நீட்டியபடி.
அவருக்கு எண் 47.

மூன்று இதழ் மூடி அது.
ஒரு நாளைக்கு லட்சம் முறை திறந்து சாத்துவது.
சிலருக்கு அதில் சுண்ணம் படிகிறது,
எங்கள் ஆய்வகத்தில் தண்ணீர் காய்ச்சி வடிக்கும் கலத்தில்
காரைக்குடித் தண்ணீர் படிவதைப் போல.
கலத்தை மாதம் ஒருமுறை அமிலம் விட்டுக் கழுவுகிறேன்.
யாருக்கு மெல்லப் படியும், யாருக்கு விரைந்து என்று
இரத்தத்தில் மிதக்கும் ஒரு புரதம்
முன்கூட்டியே சொல்லுமா?
இவ்வளவுதான் கேள்வி. ஐந்து வருஷமாக.

பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்திய ஒரு செவ்வாய்,
மைனஸ் எண்பதில் இருந்த உறைபெட்டி
மைனஸ் அறுபத்தாறு என்றது.
வாட்ச்மேன் பெரியணன் மொபெட்டின் பின்னால்
டீசல் கேனை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
உள்ளே நூற்றுப் பன்னிரண்டு பேர்
இளக ஆரம்பிப்பதற்குள்.

தட்டில் தொண்ணூற்றாறு குழி.
பல்லாங்குழியேதான்; யாராவது பேச்சுக் கொடுத்தால்
வரிசை தப்பிவிடும்.
முதலில் நீலம். அமிலம் விட்டதும் மஞ்சள்.
புரதம் கூடினால் மஞ்சள் அடரும்.
47இன் குழி நீராகாரத் தெளிவு போல வெளிறிக் கிடந்தது.
மறுபடி செய்தேன். மறுபடியும்.
நல்ல செய்தி என்று
நோட்டில் எழுதவில்லை, நினைத்துக்கொண்டேன்.

எக்கோ வேறு சொன்னது.
போன ஆண்டு நொடிக்கு 2.9 மீட்டர், இந்த ஆண்டு 3.8.
வாசல் குறுகக் குறுக இரத்தம் பாய்ந்துதான் போக வேண்டியிருக்கிறது.
வரைபடத்தில் கோட்டுக்கு வெகு மேலே
தனியாக ஒரு புள்ளி.
“விலக்கிடலாமே” என்றார் நெறியாளர்.
“கோடு இன்னும் அழகா வரும்.”

மூன்றாம் முறைக்கு அவர் வரவில்லை.
போன் எடுக்கவில்லை.
கண்டனூரில் வீடு கேட்டுப் போனபோது
கட்டிலில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்,
நெஞ்சுக்கு நடுவே
இன்னும் சிவப்பாறாத ஒரு தையல்.
மதுரையில் மாற்றிவிட்டார்களாம்.
“மாட்டோடதாம்மா. வீட்ல சொல்லல,
வெள்ளிக்கிழம கவுச்சி கூடாதும்பா.”

பிறகு கேட்டார்:
“என் ரத்தம் முன்னாடியே சொல்லுச்சா?”

“இல்லீங்க. ஒண்ணுமே சொல்லல.”

“டிக்கெட் எடுக்காதவன மூஞ்சியப் பாத்து
நான் ஒருநாளும் கண்டுபிடிச்சதில்ல.
நல்லவனாட்டம்தான் உக்காந்திருப்பான்.
செக்கிங் ஏறுனாத்தான் தெரியும்.”

கையை நீட்டினார், ஊசிக்கு.
எடுக்க முடியாது.
வால்வு மாற்றியவர் எங்கள் கணக்கில் முடிந்தவர்:
‘நிகழ்வு’ என்று ஒரு சொல், பக்கத்தில் தேதி.
அதை எப்படிச் சொன்னேனோ,
நீட்டிய கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.
அப்புறம் கிழங்கில் பாதியை ஒடித்துத் தந்தது.

இரவு அந்தப் புள்ளியோடே கணக்கை ஓட்டினேன்.
கோடு சரிந்தது. நம்பகம் குறைந்தது.
நெறியாளருக்கு எழுதினேன்: 47 இருக்கட்டும் சார்.
ஆய்வேட்டில் ஒரு பத்தி கூடும்,
இந்தப் புரதத்துக்குத் தெரியாதவர்கள் உண்டு என்று.

மேசையில் படிவங்கள் எண்பத்தெட்டு மிச்சம்.
ழகரத்தை அடித்து லகரம் எழுதலாம்,
உட்கார்ந்தால் அரை மணி வேலை.
பல்லில் பனங்கிழங்கு நார் சிக்கியிருந்தது.
நாளை கலம் கழுவ வேண்டும்.